ஒளித்து வைத்த ஜுரம்

தெர்மாமீட்டர் 'பீப்' என்றது. எடுத்துப் பார்த்தேன். நார்மல்.

அந்த ஒற்றை அறையில் இருந்த எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வீடு மாதிரி. கட்டிலில் படுத்திருந்த ஷீலா சிரித்தாள். அவளுடைய அம்மா ஸ்டெல்லா சிரித்தாள். கதவோரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற புருஷன் முத்துவும் சிரித்தான். சிரிக்காதது இரண்டு பேர்தான். ஒன்று, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத அந்தப் பெண் குழந்தை. இன்னொன்று நான்.

"பாத்தீங்களா சிஸ்டர், நல்லா கீறா. நீங்கதான் சும்மா பயந்துக்கினு கீறீங்க" என்றாள் ஸ்டெல்லா.

ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் நிறுத்தியிருந்தது. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாதாம். போதாக்குறைக்கு மூலையில் சாம்பிராணி வேறு. மே மாதத்து வடக்குப்பட்டில், தகரக் கூரை போட்ட லைன் வீட்டில், உச்சி வெயிலில் சாம்பிராணி. உள்ளே போன மூன்றாவது நிமிஷம் எனக்கே ஜுரம் வந்த மாதிரி இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் நார்மல்.

என்னை அறியாதவர்களுக்கு

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கிராம சுகாதாரச் செவிலியராக ஒரகடம் வட்டாரத்தில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவள். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய், கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்ப்பது என் வேலை. மாமியார்களிடம் திட்டு வாங்குவதும் அந்த வேலையில் சேர்த்திதான். அதற்குத் தனிப்படி கிடையாது.

போன இதழ் வந்த பிறகு ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். 'அம்மா, எப்போது பார்த்தாலும் பிரசவம், ரத்தம், தீட்டு என்றே எழுதுகிறீர்கள். குடும்பத்தோடு படிக்கக் கூச்சமாக இருக்கிறது.' ஐயா, உங்கள் குடும்பமே அந்த வழியாகத்தான் வந்தது. இதில் யாரைப் பார்த்து யார் கூச்சப்படுவது?

சரி, ஷீலா வீட்டுக்குப் போவோம்.

ஷீலா உள்ளூர்ப் பெண். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் லைனில் நின்று வேலை பார்த்தவள், வயிறு தெரிய ஆரம்பித்ததும் நின்றுவிட்டாள். நின்றாள் என்பது அவர்கள் சொல்வது, நிறுத்தினார்கள் என்பது நான் சொல்வது. முத்து தென்காசிப் பக்கத்துப் பையன், அதே கம்பெனியில் வெல்டர். காதல் கல்யாணம். ஸ்டெல்லா வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், அவளும் கான்ட்ராக்ட்தான். மகள் பிரசவத்துக்காக வீட்டில் இருந்தாள்.

பிரசவம் பார்த்தது பைபாஸ் ஓரத்துத் தனியார் கிளினிக். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் கரடியாகக் கத்தியும் கேட்கவில்லை. அங்கே ஏ.சி. இருக்கிறதாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது பலூன் கட்டினார்கள், கேக் வெட்டினார்கள், குழந்தை போட்டோவுக்கு ஃப்ரேம் போட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவு வேலைகளுக்கு நடுவில், நஞ்சுக்கொடி முழுசாக வெளியே வந்ததா என்று பார்க்க மட்டும் அவர்களுக்கு நேரமில்லை. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வேறு. நாடியைப் பிடித்தால் கடகடவென்று ஓடுகிறது.

"என்னம்மா, பல்ஸ் இப்படி ஓடுது?"

"உங்கள பாத்தா எங்களுக்கே ஓடுது சிஸ்டர்" என்றாள் ஸ்டெல்லா.

அடிவயிற்றில் கை வைத்தேன். ஷீலா உதட்டைக் கடித்தாள்.

"வலிக்குதா?"

"லைட்டா சிஸ்டர்."

"தீட்டு எப்படிப் போகுது? வாடை அடிக்குதா?"

"இல்ல சிஸ்டர். நார்மலாத்தான் போவுது."

நானும் மூக்கை வைத்துப் பார்த்தேன். சாம்பிராணியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அவ்வளவுதான், வீடே ஒன்று சேர்ந்துகொண்டது.

"மிஷினே நார்மல்னு சொல்லுது. நீங்க இன்னா சிஸ்டர், மிஷினுக்கு மேல சொல்றீங்க?"

"நான் வேணா ஆஃப் அன்னைக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் மேடம்" என்றான் முத்து. அவனுக்கு வாராந்தர லீவு வர இன்னும் நாள் இருந்தது. நோய் அதுவரைக்கும் காத்திருக்கும் என்று நினைத்தான் போல.

ஜன்னி என்ற ஒரு வசதி

ஷீலாவை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன் என்று புரிய, கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

பிள்ளை பெற்ற சில நாட்களில் ஜுரம் வந்து, குளிர் கண்டு, பிதற்றி, செத்துப்போகிற பெண்களை ஒரு காலத்தில் 'ஜன்னி கண்டு போய்ட்டா' என்பார்கள். எவ்வளவு வசதியான வார்த்தை பாருங்கள்! ஜன்னி எங்கிருந்தோ வந்தது, அவளைக் கொண்டு போனது. யார் கையும் அழுக்கில்லை, யார் கத்தியும் துருப்பிடித்ததில்லை. காரியம் முடிந்து புருஷனுக்குப் பெண் பார்க்கப் போய்விடலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வல்லக்கோட்டைப் பக்கம் ஒருத்தி அப்படித்தான் போனாள். ஜுரம் வந்ததும் பால் கட்டிக்கொண்டது என்றார்கள். பிதற்ற ஆரம்பித்ததும் காற்று கருப்பு என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஒரு தாய் செத்தால் ஏன் செத்தாள் என்று ஒரு கூட்டம் போடுவார்கள். அந்தச் சாவுக்கும் போட்டார்கள். ஏழெட்டு நாற்காலி, தண்ணீர் பாட்டில், க்ரீம் பிஸ்கட். ஒரு மணி நேரம் அலசி ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள்: 'நோயாளி தாமதமாக வந்தார்.' எனக்குத் தெரிந்து எல்லாக் கூட்டத்திலும் இதே முடிவுதான். செத்தவள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை, பாருங்கள். பிஸ்கட்டும் தீர்ந்துவிடும்.

இதில் நம் ஊரை மட்டும் குறை சொல்லக்கூடாது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்கள் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்கப் போனார்களாம். தாய்மார்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கெட்ட காற்று என்றார்கள், பயம் என்றார்கள், பெண்களின் உடம்புவாகு என்றார்கள். ஒரே ஒரு டாக்டர் மட்டும், 'ஐயா, நம் கையைக் கழுவினால் என்ன?' என்று கேட்டார். கழுவ வைத்தார், சாவு குறைந்தது. அதற்கு நன்றியாக அவரைக் கேலி செய்து, வேலையை விட்டுப் போக வைத்தார்கள். கடைசியில் அவர் பைத்தியக்கார விடுதியில் கிடந்து செத்தார். படித்த ஆண்களைப் பார்த்து 'உன் கை அழுக்கு' என்று சொன்னால் வேறென்ன நடக்கும்?

இப்போது காலம் மாறிவிட்டது. எல்லோருக்கும் கை கழுவுவதன் அருமை தெரியும். எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கே ஒரு கம்பெனி கை கழுவும் தொட்டி கொடுத்தது. கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் கொட்டும் குழாய். தொட்டியை விடக் கம்பெனி பேர் போட்ட பலகை பெரிசு. ரிப்பன் வெட்டி, கைதட்டி, போட்டோ எடுத்தார்கள். போட்டோவுக்காகப் பெரிய அதிகாரி கையை நீட்டினார். ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் இணைப்பு அடுத்த கட்டத்தில் வருமாம். நான் ரிட்டயர் ஆகும்வரை வரவில்லை. அந்தத் தொட்டியில் நாங்கள் துடைப்பம் வைத்தோம்.

டீக்கடையில் ஒரு மருத்துவர்

ஷீலா வீட்டிலிருந்து கிளம்பினேனே தவிர, மனசு கேட்கவில்லை. ஜுரம் இல்லை, ஆனால் நாடி ஓடுகிறது, வயிறு வலிக்கிறது. கணக்கு உதைத்தது. ஒரு டீயைக் குடித்துவிட்டு யோசிப்போம் என்று ரோட்டோரக் கடையில் நிறுத்தினேன்.

செகண்ட் ஷிஃப்டுக்குப் போகிற கூட்டம் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் ஐடி கார்டு, முதுகில் பை. அதில் ஒரு ஆள் டீயோடு ஒரு மாத்திரையைப் போட்டு முழுங்கினான். கண் சிவந்திருந்தது. என் சீருடைக்கு ஒரு புத்தி உண்டு. சும்மா இருக்காது.

"என்னப்பா, ஜுரமா?"

"ஆமா சிஸ்டர். ராத்திரிலேர்ந்து அடிக்குது."

"அப்புறம் ஏன் வேலைக்குப் போற? வீட்ல படுக்க வேண்டியதுதானே?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். டாக்டருக்குப் படித்தவன் அனா ஆவன்னா தெரியாதவளைப் பார்க்கிற பார்வை.

"கேட்ல நெத்தியில ஜுரம் பாக்குற கன் வெப்பாங்க சிஸ்டர். ஜுரம்னு காட்டுச்சின்னா உள்ள வுட மாட்டான். திருப்பி அனுப்பிடுவான். ரெண்டு வாட்டி அப்டி ஆச்சின்னா கான்ட்ராக்டர் போன எடுக்க மாட்டான். அதான், பஸ் ஏறச்சொல்லோ ஒரு ஜுர மாத்தர போட்டுக்குவோம். கேட்டாண்ட போறதுக்குள்ள ஒடம்பு சில்லுனு ஆயிடும். கன்னு நார்மல் காட்டும்."

"எல்லாருமா இப்படிப் பண்றீங்க?"

"லைன்ல நிக்கிற அல்லாருக்கும் தெரியும் சிஸ்டர். உங்களுக்குத்தான் தெரில."

கொரோனா காலத்தில் நெற்றிக்கு வந்த கருவி அது. கொரோனா போய்விட்டது, சில கேட்டுகளில் கருவி போகவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கண்டுபிடித்துக் காப்பாற்றத்தான் அதை வைத்தார்களாம். இந்த ஜனங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு. ஜுரம் என்பது குற்றம், அதை வாசலில் காட்டிக்கொள்ளக் கூடாது.

டீ பாதி க்ளாஸில் இருந்தது. அப்படியே வைத்துவிட்டேன். நான் எப்போதும் போன் பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். மரியாதை தெரிந்தவள் இல்லையா! அன்றைக்குக் காலையிலும் போன் பண்ணியிருந்தேன். 'ஒரு மணி நேரத்துல வரேன் ஷீலா.'

ஷீலா லைனில் நின்றவள்.

அட பாவி! நானும் ஒரு தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிற செக்யூரிட்டி ஆகிவிட்டேன். ஸ்கூட்டியைத் திருப்பினேன்.

மாத்திரையின் ஷிஃப்ட் முடிந்தது

இந்த முறை போன் பண்ணவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே போனேன். கட்டிலே ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பளியைப் போர்த்தியும் ஷீலாவின் பல் கிடுகிடுவென்று அடித்தது. ஸ்டெல்லா அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெர்மாமீட்டரை வைத்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இன்னாச்சி சிஸ்டர்? இப்பதானே நார்மல்னீங்க?"

"என்ன மாத்திரை குடுத்தே?"

"நீங்க குடுத்த சத்து மாத்தரதான். அதத்தான் அவளே எடுத்து எடுத்துப் போட்டுக்கினு கீறா."

"கதை விடாதே ஸ்டெல்லா. ஜுர மாத்திரையைக் குடுத்து ஜுரத்தை மறைச்சிட்டு, என் காதுலயா பூ சுத்துறே? அவ செத்துட்டா என்ன பண்ணுவே?"

நான் கத்தின கத்தலில் குழந்தை வீறிட்டது. முத்து குழந்தையை ஆட்டிக்கொண்டே, "யத்த, எதாச்சும் குடுத்திருந்தா சொல்லிருங்க" என்றான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஜன்னலைத் திறந்தேன். சாம்பிராணிச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். புகை அடங்கினதும்தான் அந்த வாடை தெரிந்தது. ஒரு தடவை அதை மோந்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். வல்லக்கோட்டைப் பெண் கிடந்த அறையில் அதே வாடைதான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ரோடு வரவிட்டால்தானே! புதுக் கார்களை ஏற்றின நீள நீள லாரிகள் எங்களுக்கு முன்னால் ஊர்வலம் போயின. ஒரு கீறல் விழாமல் போய்ச் சேர வேண்டிய சரக்கு அது, அவசரப்பட முடியாது. எங்கள் சைரன் கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே ஷீலா, கம்பெனி லைனில் நிற்கிற நினைப்பில், "கன்வேயர நிறுத்து, கன்வேயர நிறுத்து" என்று பிதற்ற ஆரம்பித்தாள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் ஓடி வந்தார். சலைன் ஏற்றி, ரத்தம் எடுத்து, வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாளா ஜுரம்?"

"இப்பத்தான் டாக்டர். ஒரு மணி நேரமாத்தான்" என்றாள் ஸ்டெல்லா.

"பொய்" என்றேன் நான்.

"மாதா சத்தியமா எனக்குத் தெரியாது சிஸ்டர்!"

சலைன் ஏறி ஷீலாவுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"அம்மாவ ஒண்ணியும் சொல்லாதீங்க சிஸ்டர். அதுக்கு ஒண்ணும் தெரியாது. வூட்டுக்கு வந்த மறுநாள்லேர்ந்து ஜுரம். நாந்தான் மாத்தர போட்டுக்கினேன். சத்து மாத்தர டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன்."

"வாடை?" என்று கேட்டார் டாக்டர்.

"அதுவும்தான். சாம்பிராணி போடச் சொன்னது நாந்தான்."

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

பதிலுக்கு டாக்டர் காத்திருக்கவில்லை. ஸ்கேன் பார்த்தார்கள். உள்ளே நஞ்சுக்கொடித் துண்டு ஒன்று தங்கி அழுகியிருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "இன்னும் ஒரு நாள் வீட்ல இருந்திருந்தா நீங்க கொண்டு வந்திருக்கவே வேண்டாம் சிஸ்டர்" என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கைதட்டல்

பிழைத்தாள். சும்மா பிழைக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, யார் யாரோ கொடுத்த ரத்தம் ஏறி, பாதி முடி கொட்டிப் பிழைத்தாள்.

அதற்கும் ஒரு கூட்டம் போட்டார்கள். யாரும் சாகாததால் இந்தத் தடவை முந்திரி பிஸ்கட். திரையில் என் போட்டோவைப் போட்டு, 'களப்பணியாளரின் சமயோசிதம்' என்று எழுதியிருந்தார்கள். கைதட்டினார்கள். கம்பெனி கேட்டில் ஜுரத்தைப் பிடிக்கிறார்களே, அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று எழுந்தேன். அது தொழிலாளர் துறை சம்பந்தப்பட்டதாம். நம் வரம்பில் வராதாம். உட்கார்ந்துவிட்டேன். பிஸ்கட் நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் முடிந்து ஷீலாவைப் பார்க்க வார்டுக்குப் போனேன். ஸ்டெல்லாவிடம் பேச எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவள் அதையெல்லாம் நினைவில் வைத்ததாகத் தெரியவில்லை. "வாங்க சிஸ்டர், குந்துங்க" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்துகொண்டிருந்தாள். முத்து குழந்தைக்குச் சட்டை வாங்கப் போயிருந்தான். ஷீலா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"நீ கெளம்பும்மா. அவரு என்ன பாத்துக்குவாரு" என்றாள் ஷீலா.

"எங்க கெளம்புறது?"

"வேலைக்குத்தான். உன் சூப்பர்வைசர் குடுத்த லீவு எப்பவோ முடிஞ்சிப்போச்சி. இன்னும் இங்கியே இருந்தா உன்ன எடுத்துடுவாங்க."

ஸ்டெல்லா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அதுக்குத்தாம்மா ஜுரம்னு சொல்லல. சொன்னா நீ வேலைக்குப் போவ மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன? வேல பூட்டா நீ எங்க போய் நிப்ப?"

எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன்.

"வேலையா?" என்றாள் ஸ்டெல்லா. சாதாரணமாகத்தான் சொன்னாள். "அது உனக்கு வலி எட்த்த அன்னிக்கே பூட்ச்சிடி. லீவு கேட்டேன். இனிமே வராதன்ட்டான். பச்ச ஒடம்புக்காரி, கேட்டா அழுவியேன்னு உங்கிட்ட சொல்லல."

ஷீலா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா ஒரு வாய்ச் சோற்றை உருட்டி எடுத்தாள்.

"வாயத் தொற" என்றாள்.

ஷீலா வாயைத் திறந்தாள்.